கழுகுக்கு மருந்து

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. ஆனால் தன் முதுகு தன் கைக்கும் எட்டாது என்பதை ரெண்டுகோட்டு ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் கண்டுபிடித்தார். அதுவும் முதுகு முழுக்க ஒரு கழுகை ஏற்றிக்கொண்ட பிறகு.

ரெண்டுகோட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலில் கிடைத்த பட்டம். "முதல் கோட்டு பாக்கிறவனுக்கு, ரெண்டாவது கோட்டு சுவருக்கு" என்பார். குளியலறைக் கதவின் பின்பக்கம், அலமாரியின் அடித்தட்டு, பல்லி மட்டுமே பார்க்கக்கூடிய பரண் மூலை, எதுவானாலும் அவரிடம் இரண்டு கோட்டுதான், அதாவது இரண்டு பூச்சு. இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. வேலையை இழுத்தடிக்க மாட்டார். மற்ற பெயிண்டர்கள் ஒரு வீட்டுக்குள் ஏணியைக் கொண்டுபோனால் அந்த வீட்டுக் குழந்தை வளர்ந்து கல்யாணம் ஆகும்வரை அதை வெளியே எடுக்க மாட்டார்கள். இவர் சொன்ன தேதியில் தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு ஏணியோடு படியிறங்கிவிடுவார்.

சுவரைப் பார்ப்பதற்கென்றே படைத்த கண் அவருக்கு. விரலால் ஒரு தட்டுத் தட்டி, எங்கே ஈரம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத்தான் தன் மனைவி முடியை வெட்டிக்கொண்டது தெரியாமல் போயிற்று.

இடுப்பு வரை இருந்த முடி அது. அவள் சலவை நிலையத்தில் நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள். பிடரியில் வெக்கை தாங்கவில்லை என்று ஒரு நாள் காதுவரை கத்தரித்துவிட்டு வந்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று அன்று காத்திருந்தாள். மறுநாளும் காத்திருந்தாள். ஒரு வாரம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு சாயங்காலம் அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி உற்றுப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உனக்குப் பின்னாடி சுவர்ல விரிசல் விட்டிருக்கு பாரு," என்றார். "முடி அளவுக்கு."

மறுநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்த விரிசலையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க" என்று மட்டும் சொன்னாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரிசலுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டு அடித்தார். முடி விஷயத்தைப் பிறகு மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவரோடு அதே சாரத்தில் நின்று பூசுகிறவன்.

"போய்க் கூட்டிட்டு வாங்க மாமா. ஒரு வார்த்தை சொன்னா அக்கா வந்துடும்."

"எந்த வார்த்தையைச் சொல்லணும்?"

"அதையும் நானேதான் சொல்லித் தரணுமா?"

அவர் போகவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கெஞ்சினாள், அப்போதும் போகவில்லை. பழக்க தோஷத்தில் காலையில் இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றுவார். இரண்டாவது டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் குடித்துவிட்டு வேலைக்குப் போவார். ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார். வெளியே வந்ததும் "எனக்கு யாரும் வேண்டாம்" என்று கண்ணாடியிடம் சொன்னார். வீம்பு என்பது அப்படித்தான். கீழே விழுந்தவனுக்குக் கை கொடுக்காது, மீசையில் மண் ஒட்டவில்லை என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும்.

அந்த நிலைமையில்தான் பச்சை குத்தும் கடை ஒன்றுக்கு வெளிச்சுவர் பூசும் வேலை வந்தது. கடைக்காரி, அவருடைய மகள் வயதுப் பெண். கண்ணாடிக்குப் பின்னால் படங்கள் மாட்டியிருந்தாள். நடுவில் இறக்கை விரித்த ஒரு கழுகு. அவர் ரோலரைக் கையில் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கழுகு கூட்டத்தோட பறக்காது அங்கிள்," என்றாள் அவள். "தனியாத்தான் பறக்கும். அதுக்கு யாரும் தேவையில்ல."

அங்கிள் என்றது சுருக்கென்று பட்டாலும் மற்றது நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. வேலை முடிந்த மறுநாளே சட்டையைக் கழற்றிக்கொண்டு அவள் மேஜையில் குப்புறப் படுத்தார். முதுகில் குத்துகிறவர்களைப் பற்றி ஊரில் எல்லோரும் புலம்புகிறார்கள். இவர் தேடிப் போய் முதுகைக் காட்டினார்.

"பிரைமர் உண்டா?"

"ஷேவ் பண்ணி, சோப்புப் போட்டுத் துடைப்பேன்."

"அப்போ உண்டு. எத்தனை கோட்டு?"

"இன்னிக்குத் தலையையும் இடது ரெக்கையையும் முடிச்சிடுவேன். அது ஆறினப்புறம் வலது ரெக்கை."

ஊசி குத்தக் குத்த அவர் குறட்டை விட்டார். மனைவி போன இத்தனை மாதத்தில் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார் என்பது அவருக்கே பிறகுதான் உறைத்தது. எழுந்ததும் அந்தப் பெண் ஒரு மருந்துக் குழாயைக் கொடுத்தாள்.

"காலைலயும் சாயங்காலமும் கழுவி, ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, பட்டும் படாம ஒரே ஒரு கோட்டு. ரெண்டாவது போட்டா மூச்சு முட்டிப் பொங்கிடும். பூசி விட ஆள் இருக்காங்கல்ல?"

யாரும் தேவையில்லை என்று முதுகில் எழுதாத குறையாக வரைந்துகொண்டவர், இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"வீட்ல இருக்காங்க," என்றார்.

வீட்டில் யார் இருந்தார்கள்? சுவர்தான் இருந்தது. சாயங்காலம் மருந்தை விரலில் எடுத்துக்கொண்டு கையை மேல்வழியாகப் பின்னால் விட்டார். பிடரியோடு நின்றது. கீழ்வழியாக விட்டார். இடுப்புக்கு மேலே ஏறவில்லை. மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் நடுவில், யாருக்கும் அகப்படாமல், கழுகு ஹாயாக விரிந்து கிடந்தது.

தொழில் தெரிந்தவர் இதற்கெல்லாம் அசருவாரா? மூலைகளுக்குப் பூசும் புது ஸ்பாஞ்சு ரோலர் ஒன்றை எடுத்து, குச்சியில் மாட்டி, மருந்தில் உருட்டித் தோளுக்கு மேலாக விட்டார். ரோலர் மருந்தையெல்லாம் தானே குடித்துவிட்டு வெறுமனே உருண்டது. பிறகுதான் அந்த யோசனை வந்தது. தரை மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டினார். பட்டித் தகட்டால் அதன்மேல் மருந்தைச் சீராகத் தடவினார். திரும்பி நின்று, மாடு உரசுவதுபோல் முதுகை மேலும் கீழும் உரசினார். வாழ்நாள் முழுக்கச் சுவருக்குப் பூசியவர் கடைசியில் சுவரை வைத்துத் தனக்குப் பூசிக்கொண்டார்.

பூசியது காயட்டும் என்று கொஞ்ச நேரம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அப்புறம் எழுந்துபோய், பழக்கம் யாரை விட்டது, இரண்டாவது கோட்டும் போட்டார்.

ஒரு வாரத்தில் முதுகு பொங்கிவிட்டது. இடது இறக்கையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, பொருக்கோடு நிறமும் சேர்ந்து உரிந்து வந்தது. அரிப்பு தாங்காமல் கடைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார் அங்கிள் இப்படிப் பூசினது? உங்க வீட்டம்மாவா?"

அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஏதோ கோவத்துல அப்பி விட்ட மாதிரி இருக்கு. முதல்ல டாக்டரைப் பாருங்க. ஆறினதும் அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நானே காட்டித் தரேன். அவங்க வராம வலது ரெக்கைல நான் கை வைக்க மாட்டேன். நாளைக்கு யாராவது பாத்துட்டு யார் போட்டதுன்னு கேட்டா என் பேருல்ல கெடும்?"

டாக்டர் வேறொரு மருந்து எழுதிக் கொடுத்தார். "வீட்ல யாரையாவது பூசி விடச் சொல்லுங்க" என்று அவரும் சொன்னார். உலகமே சேர்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்பதுபோல் இருந்தது ரெண்டுகோட்டுக்கு.

வேறு வழியில்லாமல் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சாரத்தின் மேலேயே மச்சானிடம் முதுகைக் காட்டினார். மச்சானின் கை பாதி உப்புத்தாள், பாதி சிமெண்டு. அவன் ஒரு தடவை தேய்த்ததும் அவருக்குச் சாரத்திலிருந்து குதித்துவிடலாம் போல் இருந்தது.

"இது என்ன பறவை மாமா?"

"கழுகு."

"ஒரு பக்கம் ரெக்கையே இல்ல, இன்னொரு பக்கம் உரிஞ்சு கிடக்கு. பாதி உரிச்ச கோழி மாதிரில்ல இருக்கு?"

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். ஒரு செய்தியைச் சிந்தாமல் சிதறாமல் அக்காவிடம் கொண்டு சேர்க்கத் தம்பியிடம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் அவள் வாசலில் நின்றாள். தோளில் பை, சலவை நிலையத்துச் சீருடை. உள்ளே வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க முதுகைக் கெடுத்தது நான்தான்னு சொன்னீங்களாமே?"

"நான் சொல்லல. அந்தப் பொண்ணாவே நினைச்சுக்கிச்சு."

"நீங்க இல்லைன்னு சொன்னீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"பட்டுத் துணில ஒரு சுருக்கம் விழ விடாத கை இது. இந்தக் கை பட்டு ஒரு மனுஷன் முதுகு பொங்கிப் போச்சுன்னு எவளோ நினைச்சுக்கிட்டு இருக்கா. அது எனக்குத் தேவையா? உங்களுக்காக ஒண்ணும் வரல. என் கைப் பேரைக் காப்பாத்திட்டுப் போகத்தான் வந்தேன். சட்டையைக் கழட்டுங்க."

அவர் சுவரைப் பார்த்து முக்காலியில் உட்கார்ந்தார். பின்னால் அவள் பையைக் கீழே வைப்பது கேட்டது. பிறகு "ஐயோ" என்று மெதுவாக, அவளையும் மீறி ஒரு வார்த்தை வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணி முதுகில் பட்டது. அப்புறம் அவள் விரல். மருந்து வைத்ததே தெரியவில்லை, எரிச்சல் அடங்கியது மட்டும் தெரிந்தது.

"இந்த வயசுல எதுக்கு இது?"

"அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு."

"என்ன அர்த்தம்?"

இதற்கு வைத்திருந்த பதிலை அவர் மனதுக்குள் எத்தனையோ முறை அவளிடம் நிமிர்ந்து நின்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இப்போது முக்காலியில் கூனிக்கொண்டு சொல்ல வேண்டியதாயிற்று.

"தனியாப் பறக்கும். அதுக்கு யாரும் தேவையில்ல."

கழுகின் கழுத்தில் மருந்து தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. அடுத்த நொடி அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். அவருக்குக் கோபம்தான் வந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் அவள் கண் நிறைந்து வழிந்ததையும் பார்த்திருப்பார். அவர் திரும்பவில்லை.

அதன்பிறகு காலையில் வேலைக்குப் போகும் வழியிலும் சாயங்காலம் திரும்பும் வழியிலும் வந்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்காருவார், அவள் பின்னால் நிற்பாள். முதலில் முறைப்பாக ஒன்றிரண்டு வார்த்தை. பிறகு சலவை நிலையத்து மேனேஜரைத் திட்டினாள். தோள்பட்டை வலியைச் சொன்னாள். அக்கா வீட்டில் டிவி சத்தத்தில் தூங்க முடியாததைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் இதையெல்லாம் சொல்லாமல் இல்லை. அப்போது அவர் எழுந்து போக இடம் இருந்தது. இப்போது முதுகில் ஈர மருந்தோடு எங்கே போவார்? கேட்டார். கேட்கக் கேட்க, அவள் கையின் சூட்டை வைத்தே அன்றைக்கு எவ்வளவு துணி தேய்த்திருக்கிறாள் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

அவர் முகத்துக்கு நேரே சுவரில் புதிதாக ஒரு விரிசல் விட்டிருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதுகு ஓரளவு தேறியதும் இருவரும் கடைக்குப் போனார்கள். பச்சை குத்துகிற பெண் எப்படிப் பூசுவது என்று காட்டினாள். மனைவி மருந்தை வாங்கித் தன் கையால் பூசிக் காட்டினாள். அந்தப் பெண் வியந்துபோனாள்.

"இவ்வளவு பதமான கையை வெச்சுக்கிட்டு முதல்ல ஏன் ஆன்ட்டி அப்படிப் பூசினீங்க?"

ரெண்டுகோட்டு கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பேரைக் காப்பாற்ற அவள் தினம் இரண்டு வேளை நடந்தாளோ, அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். பிளாஸ்டிக் தாளும் பட்டித் தகடும் மாடு மாதிரி உரசியதும் எல்லாம் இப்போது வெளியே வரும்.

"கோவத்துல இருந்தேன்மா," என்றாள் அவள்.

அவருக்கு முதுகில் இல்லாத ஓர் இடத்தில் வலித்தது.

திரும்பி வரும் வழியில் அவள் கணக்காகச் சொன்னாள். "இடது பக்கம் ஆறிடுச்சு. இனி மருந்து வேண்டாம். வலது ரெக்கை போட்டதும் சொல்லி அனுப்புங்க. அது ஆறுற வரைக்கும் வந்து பூசறேன். அப்புறம் இந்தப் பக்கம் வர மாட்டேன். சலவை நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன்."

ஆக, மிச்சம் இருந்தது ஓர் இறக்கை. அது முடிந்தால் எல்லாம் முடிந்தது. ரெண்டுகோட்டு அன்று முழுக்க அதையே யோசித்தார். மறுநாள் தனியாகக் கடைக்குப் போய்க் குப்புறப் படுத்தார்.

"ஒரு இறகு மட்டும் போடும்மா."

"ஒரே நாள்ல முழு ரெக்கையும் முடிச்சிடலாம் அங்கிள்."

"வேணாம். ஒண்ணு போதும். அது ஆறட்டும், அப்புறம் அடுத்தது."

"இப்படிப் போட்டா எப்போ முடியும்?"

"எப்போ முடியுதோ அப்போ முடியட்டும்."

வாழ்க்கையில் ஒரு வேலையைக்கூட இழுத்தடிக்காதவர் என்று பேர் வாங்கியவர் சொன்னது இது. ஏணியை உள்ளே கொண்டுபோய்விட்டு வெளியே எடுக்க மனமில்லாத பெயிண்டர்களையெல்லாம் அவர் அன்று மனதார மன்னித்தார்.

சொல்லி அனுப்பியதும் அவள் வந்தாள். வலது பக்கத்தில் புது இறகு ஒன்றே ஒன்று. விரல் நுனியால் மருந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஆறியதும் இரண்டாவது இறகு. அப்புறம் மூன்றாவது. அவள் முடிந்தவரை பொறுத்தாள். நான்காவது இறகைப் பார்த்ததும் மருந்துக் குழாயை மூடிவிட்டாள்.

"என்ன இது, சொட்டுச் சொட்டா?"

"வலி தாங்கல," என்றார் சுவரிடம்.

"ஊசி குத்தும்போது குறட்டை விட்டீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

அவர் எதிரே சுவரில் இருந்த விரிசலை நகத்தால் சுரண்டினார்.

"முதுகைக் காட்டிக்கிட்டே பொய் சொல்றது சுலபமா இருக்குல்ல? திரும்புங்க."

முக்காலியில் உட்கார்ந்தபடியே திரும்பினார். இத்தனை நாளில் அப்போதுதான் அவளை நேருக்கு நேர் பார்த்தார். கன்னப்பொறியில் நரை. மணிக்கட்டில் நீராவி சுட்ட தழும்பு, அது புதிது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"முடி தோள் வரைக்கும் வந்துடுச்சு," என்றார்.

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல."

அவர் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்துக்கொண்டார்.

"ரெக்கை முடிஞ்சா நீ வர மாட்டே. அதான்." முக்காலியோடு ஓர் அடி முன்னால் நகர்ந்தார். "எனக்கு ஆள் வேணும். மருந்து பூச மட்டும் இல்ல. நீ வேணும்."

அவள் ஏற்கெனவே மூடிய மருந்துக் குழாயை இன்னும் இறுக்கித் திருகினாள். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் பயந்தார்.

"இதை அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தா," என்றாள், "ஒரு கழுகு மிச்சமாயிருக்கும்."

"அந்த ரூம்?"

"சாவி இன்னும் வாங்கல. திரும்புங்க."

அவர் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு கோட்டு வாங்கிய இடது இறக்கையும் நான்கே இறகு முளைத்த வலது இறக்கையுமாக, அந்த மானங்கெட்ட பறவை மறுபடி அவள் முன்னால் விரிந்தது. அவள் மருந்தைத் திறந்தாள். ஒரு சின்ன இறகுக்கு ஒரே ஒரு கோட்டுதான் பூசினாள். அதைப் பூசி முடிக்க அன்று வெகுநேரம் ஆயிற்று.